மஞ்சள் நூல் கட்டிய டப்பா

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆண்டு போடாமல் நாட்குறிப்பு எழுதக்கூடாதாம். மருமகள் ஜெசிந்தா சொல்கிறாள். எண்கள் எனக்குத் தங்காது. நடந்ததை வைத்துத்தான் எனக்கு வருஷம். ரோமாபுரியில் பாப்பரசர் உயிரோடு இருக்கும்போதே நாற்காலியை விட்டு இறங்கினாரே, அதற்கு மறு வருஷம் இது. சச்சின் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்று என் மகன் பெலிக்ஸ் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டி நாலு மாதம் ஆகிறது. தேர்தல் வரப்போகிறது. ஜனவரி உறைபனியில் எங்கள் மேட்டுத் தேயிலை கருகிப் பாக்குச் சாயம் ஆனது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் 2014 என்று நாலே எழுத்தில் முடித்துக்கொண்டாள்.

இந்த நோட்டு ஃபாதரின் யோசனை. நெற்றியில் சாம்பல் பூசும்போதே சொன்னார்: தவக்காலம் முழுக்க ஆளுக்கொரு நோட்டில் தினமும் எழுத வேண்டும், கண்ட நன்மை ஒன்று, செய்த பிழை ஒன்று. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. குன்னூரில் எழுபத்திரண்டு வயது வரை கைநாட்டாகவே இருந்துவிட்டேன். "நீங்க சொல்லுங்க மாமா, நான் எழுத்துத் தமிழ்ல எழுதறேன்" என்று என் மருமகள் உட்கார்ந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். நான் பேசுவதைத் துவைத்துக் காயப்போட்டு எழுதுகிறாள்.

கண்ட நன்மை: பேரி மரம் மொட்டையாக இருந்தது, இன்று காலை கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

செய்த பிழை: யோசித்துச் சொல்கிறேன்.

மார்ச் 6

பீன்ஸுக்குக் கொம்பு நட்டேன். பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஜெசிந்தா இந்த மாதம்தான் வீட்டில் ஓவன் வைத்து பன் சுடப் பழகுகிறாள். முதல் வாரம் கல் மாதிரி வந்தது. பெலிக்ஸ் ஒன்றை எடுத்து, "பஸ் டயருக்கு முட்டுக் குடுக்க ஆச்சு" என்றான். நேற்று சுட்டது பஞ்சு போல வந்தது. தவக்காலத்தில் கேக் கூடாது என்று பன்னாகவே முப்பது சுட்டு, இன்று பூசை முடிந்து சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனாள்.

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"மாமா, அங்க ஒரு அம்மா இருக்காங்க. எல்லாரும் டப்பாம்மான்னுதான் கூப்பிடறாங்க. பன்னைக் கையில குடுத்தா வாங்கல. 'உப்புறதுக்கு என்ன பொடி போட்டே?'ன்னு கேட்டாங்க. ஈஸ்ட்டுன்னேன். 'டப்பாவக் காட்டு. எழுத்தைப் பாக்காம நான் வாயில வைக்கிறதில்ல'ன்னுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிஸ்டர் சொல்றாங்க, இருபது வருஷமா அப்படித்தானாம். டப்பா மேல இருக்கிறதை மூக்குக் கண்ணாடி போட்டுச் சத்தமா வாசிச்சாத்தான் ஒரு வாய் தின்பாங்களாம்."

எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன்.

"எழுபது இருக்குமா? இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. நல்லாத்தான் பேசறாங்க."

கேரட் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன் என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.

மார்ச் 10

இன்று சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 11

இன்றும் இல்லை.

மார்ச் 13

"மாமா, பிழைக்கான இடம் ஒன்பது நாளா காலியா கிடக்கு. நீங்க என்ன புனிதரா?" என்று ஜெசிந்தா கிண்டல் செய்தாள். அதற்காகப் பழைய கதை ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். இது என் பிழை அல்ல. நான் பார்த்தது.

நேரு இறந்த வருஷம். அவர் போனது மே கடைசி. அதற்கு இரண்டு மாதம் முன்னால் உயிர்ப்புத் திருநாள் வந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. எனக்கு இருபத்திரண்டு வயது. மேல் பங்களாவில் ஹார்ட்லி துரையிடம் தோட்ட வேலை. திருநாள் காலையில் பதினோரு பேர் விருந்து. மேசை விரிப்பு வெள்ளை, ஓரத்தில் பச்சைப் பின்னல். துரையின் நாய்கள் இரண்டு, பெயர் டஃபி, ராணி. துரைசாணி காதில் முத்துத் தோடு, ஒரு காதில் மட்டும் திருகு மாற்றியது. சமையல்காரர் ஊருக்குப் போயிருந்ததால் கேக் செய்தது உதவிக்கு இருந்த பெண். அவள் தவறான டப்பாவிலிருந்து பொடியை எடுத்துப் போட்டுவிட்டாள். கேக் உப்பவில்லை. துவர்த்தது. குழந்தைகள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். துரையின் தாயாருக்கு மயக்கம் வந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அன்று மத்தியானமே அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணு பேரு?"

மறந்துவிட்டது என்றேன்.

"நாய் பேரு ஞாபகம் இருக்கு, தோட்டுத் திருகு ஞாபகம் இருக்கு, பேரு மட்டும் மறந்துபோச்சா?"

ஆமாம் என்று எழுதச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஜெசிந்தா இல்லத்துக்குப் போனாள். ஈஸ்ட் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த அம்மா வாசித்துப் பார்த்துவிட்டு அரைப் பன் தின்றாராம்.

கேட்காமலே மற்றதையும் சொன்னாள். கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் ஏதோ பங்களாவில் வேலை செய்தபோது கெட்ட பெயர் வந்ததாம். விஷம் வைத்தவள் என்று மலை முழுக்கப் பேச்சுப் பரவி, எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. ஊரில் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் கைவிட்டார்கள். கன்னியர் மடத்தில் துணி துவைக்கச் சேர்ந்திருக்கிறார். அங்கேதான் இருபது வயதுக்குமேல் எழுத்துக் கற்றது. இப்போது குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, நெஞ்சில் சளி. ஓட்டுப் போட்டதும் மறுநாள், ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி, கோயமுத்தூர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"திரும்பி வரமாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அந்த வயசுல இறங்கினா எங்க மாமா ஏறறது?"

எழுதிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

தண்ணீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு அதன் ஓரமாய் ஜெசிந்தா ஹைட்ராஞ்சியா நட்டிருந்தாள், போன ஆண்டு மழையில். இன்று முதல் மொட்டுக் கொத்து விரிந்தது. ரோஸ் நிறம். அவளுக்கு ஏமாற்றம். பீடத்தில் வைக்க நீலப் பூ வேண்டுமாம்.

"நீங்க பங்களாவுல முப்பது வருஷம் தோட்டம் பாத்தீங்களே. நீலமா ஆக்கறதுக்கு வழி இருக்காமே?"

தெரியாது என்றேன்.

பிழை: தெரியும்.

மார்ச் 22

என் கொட்டகையில் விதை டப்பாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூல். சிவப்பு என்றால் முள்ளங்கி, பச்சை என்றால் பட்டாணி, கறுப்பும் வெள்ளையும் முறுக்கியது டேலியா. ஜெசிந்தா இன்று கொத்தமல்லி விதை தேடிக்கொண்டு போனவள், எல்லா டப்பாக்களையும் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்:

"பதினாலு நிறம் எண்ணினேன் மாமா. மஞ்சள் மட்டும் எதுலயும் இல்லையே, ஏன்?"

அந்த நூல் கிடைக்கவில்லை என்றேன்.

"மஞ்சள் நூலா கிடைக்கல? என் தையல் பெட்டியில மூணு கண்டு கிடக்கு."

மார்ச் 25

மழை தூறியது. தோட்டத்தில் இறங்கமுடியவில்லை என்பதால் பதின்மூன்றாம் தேதி சொன்னதில் விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் பங்களாவுக்கு வந்தபோது பதினெட்டு வயது. அடுக்கில் இருக்கும் டப்பாக்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. சமையல்காரர் தினமும் திட்டுவார். ஒரு நாள் கொல்லைப்புறம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் என்னவென்று கேட்டுவிட்டு, "எனக்கும்தான் எழுத்துத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். "பொய் சொல்லாதீங்க சிங்கராயண்ணா. நீங்க பாத்திக்குப் பாத்தி முளையில எழுதி வைக்கறீங்களே!"

விதைப் பொட்டலத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அப்படியே முளைக்கட்டையில் வரைவேன். இலையை வரைவதுபோலத்தான். எனக்கு அது படம். துரைசாணி அதைப் பார்த்துவிட்டு நான் படித்தவன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. அடுத்த தலைமைத் தோட்டக்காரன் சிங்கராயன்தான் என்று துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவனுக்கு அந்த வேலை கிடையாது.

துரைசாணி பின்னிக் கழித்த கம்பளி நூலை எடுத்து நான்தான் அவளுக்கு டப்பாக்களில் கட்டிக் கொடுத்தேன். சர்க்கரைக்கு வெள்ளை. மிளகுக்குச் சிவப்பு. கேக் உப்பப் போடும் பொடிக்கு மஞ்சள். ஒரே வாரத்தில் அவள் சமையல்காரரைவிட வேகமாக எடுக்க ஆரம்பித்தாள். எழுத்து இல்லாத இரண்டு பேர் சேர்ந்து உண்டாக்கிய எழுத்து அது. நான் படிக்காதவன் என்று அந்தப் பங்களாவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொன்னதில்லை.

ஜெசிந்தா பேனாவை நிறுத்தி, "அப்ப தப்பான டப்பாவை எப்படி எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

மழை விட்டுவிட்டது, எழுந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

ரோஜா மொட்டு விட்டிருக்கிறது. பிளம்ஸ் காய் கோலிக்குண்டு அளவு. ஜெசிந்தா கூப்பிட்டாள், இல்லத்துக்கு வரவில்லை என்றேன். முட்டி வலி.

ஏப்ரல் 2

முட்டி வலி இல்லை. அது பொய் என்று எழுதச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெலிக்ஸ் டூட்டிக்குப் போன பிறகு சொன்னேன். அவன் இருக்கும்போது என்னால் முடியாது.

சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரம் நட்டால் ஹைட்ராஞ்சியா ரோஸாகத்தான் பூக்கும். துரைசாணிக்கு நீலம் வேண்டும். படிகாரத்தைப் பொடித்து வேரில் போட்டுத் தண்ணீர் விட்டுவந்தால் நீலம் பிடிக்கும். அது என் ரகசியம். குன்னூர் மூடுபனியில் படிகாரப் பொடி கட்டிதட்டிவிடும். மூடி இறுக்கமான டப்பா வேண்டும். சமையற்கட்டுக் குப்பையில் காலி டப்பா ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டேன். கழுத்தில் மஞ்சள் நூல் இருந்தது. அவிழ்க்கவில்லை.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பொடி ஈரமாகிவிட்டது. அடுப்புச் சூட்டில் காயட்டும் என்று டப்பாவைத் திறந்து சமையற்கட்டு அடுக்கில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பொடி காய்ந்ததும் மூடியும் வைத்தேன். பூசைக்கு நேரமாகிறது என்று பட்லர் அவசரப்படுத்தினார். டப்பாவை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் அவள் கையை நீட்டி மஞ்சள் நூலை எடுத்தாள்.

இதுவரைக்கும் மறதி. மறதியை ஃபாதர் மன்னிப்பார். மற்றது வேறு.

துரை எல்லாரையும் சமையற்கட்டில் நிறுத்தினார். டப்பாவைத் தூக்கிக் காட்டி, இதில் இருப்பது தோட்டத்துப் படிகாரம், இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். டப்பாவையே பார்த்தேன். அப்புறம் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "எனக்குத் தெரியாதுங்க தொரை. என் கொட்டகையிலிருந்து இவதான் எடுத்துட்டு வந்திருப்பா. இவளுக்கு எழுத்துத் தெரியாதுங்க. நூலைப் பாத்துத்தான் எடுப்பா."

துரை என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார், பட்லர் தமிழில் சொன்னார்: உனக்குப் படிக்கத் தெரியும்தானே, நீ ஏன் கவனிக்கவில்லை என்று. தெரியும் என்று தலையாட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'இவருக்கும் எழுத்துத் தெரியாது' என்று ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை. அழுதுகொண்டே நின்றாள். மத்தியானம் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பச்சைப் பாவாடையோடு, தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் இறங்கிப் போனாள். இரண்டு மாதத்தில் நான் தலைமைத் தோட்டக்காரன் ஆனேன்.

சொன்னதை எல்லாம் ஜெசிந்தா எழுதி முடித்தாள். அப்புறம் கேட்டாள்:

"அத்தைக்குத் தெரியுமா?"

என் மனைவி அன்னத்தாய் இறந்து ஆறு வருஷம். தெரியாது.

"இந்த வீடு?"

துரை சீமைக்குப் போகும்போது கொடுத்தது. வீட்டோடு ஒரு கடிதமும் கொடுத்தார். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, மனப்பாடம் மட்டும் தெரியும்: இவன் நாணயமானவன், நம்பிக்கைக்குரியவன். வருகிறவர்களுக்கெல்லாம் பெலிக்ஸ் அதை வாசித்துக் காட்டுவான்.

"நான் எழுதிட்டேன் மாமா. ஆனா போய்ச் சொல்ல வேண்டியது நானில்ல" என்று நோட்டை மூடினாள்.

ஏப்ரல் 8

ஜெசிந்தா கடிதச் சட்டத்தைத் துடைக்க எடுத்தாள். திரும்ப மாட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், நோட்டும் எழுதுகிறாள். கிண்டல் மட்டும் செய்வதில்லை. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

ஆணிதான் சுவரில் தெரிகிறது. பெலிக்ஸ் கேட்டான். "கண்ணாடி விரிசல், மாத்தக் குடுத்திருக்கேன்" என்று எனக்காக அவள் பொய் சொன்னாள். என்னால் இன்னொரு பெண்ணும் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒரு சந்தி இருந்தேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முன்னால் போகாமல் பின்னால் இருந்தவருக்கு விட்டுக்கொடுத்தேன். ஃபாதரிடம் சொல்லித் தீர்வது இல்லை இது.

ஏப்ரல் 19, சனி

நாளைக்காக ஜெசிந்தா கேக் சுட்டாள். மைதாவைச் சலித்துத் தரட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சல்லடையைக் கொடுத்தாள். பேக்கிங் பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன், கேளுங்க" என்று விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசித்தாள். நான் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் குப்பையில் கிடந்த டப்பாவிலும் இதே படங்கள்தான் இருந்தன. படமாக எனக்குத் தெரியும்.

மூன்று கேக். நன்றாக உப்பி வந்தது. வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. எனக்குத்தான் தொண்டையில் துவர்ப்பு.

ஏப்ரல் 20, உயிர்ப்புத் திருநாள்

போனேன். கேட் வரைக்கும் போனேன். நல்ல வேட்டி, சட்டை. கையில் எங்கள் ரோஸ் ஹைட்ராஞ்சியா நாலு கொத்து. கேட்டுக்கு வெளியே வேலியோரம் ஜெரேனியம் பூத்திருந்தது, அதன் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு நின்றேன். ஜெசிந்தா உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். அதுவரை கிள்ளினேன்.

"டப்பாவை வாசிச்சாங்க. கேக் சாப்பிட்டாங்க. கேக் சாப்பிட்டு யாரும் பாத்ததே இல்லையாம், சிஸ்டரெல்லாம் கை தட்டினாங்க."

அப்புறம்?

"யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான், மாவு எங்க மாமா சலிச்சுக் குடுத்தார்னேன். மாமா பேரு என்னன்னாங்க. சொன்னேன்."

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"இன்னொரு துண்டு கேட்டாங்க."

பூங்கொத்தைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, செம்பில் தண்ணீர் விட்டு வைத்தேன்.

ஏப்ரல் 22

ஃபாதர் சொன்ன நாற்பது நாள் முடிந்துவிட்டது. இனி எழுத வேண்டியதில்லை என்றேன். "உங்களுக்கு முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. நோட்டை அவள் எடுத்து வைக்கவில்லை, மேசைமேலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 24, ஓட்டுப் போடும் நாள்

பள்ளிக்கூடத்தில் நீண்ட வரிசை. பெலிக்ஸ் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ஜெசிந்தா பெண்கள் வரிசையில். இல்லத்து வேன் வந்து நின்றது. சிஸ்டர் ஒருவர் ஆறு பேரை இறக்கினார். ஐந்தாவதாக இறங்கியவரின் புருவத்தில் தழும்பு. பங்களாவில் அடுப்பு விறகு பிளந்து தெறித்தபோது பட்டது அது. நான்தான் பச்சிலை வைத்துக் கட்டினேன்.

வயதானவர்களை முதலில் விட்டார்கள். என்னையும் அவரையும் ஒரே நேரத்தில் உள்ளே அனுப்பினார்கள். மேசையில் இருந்த அலுவலர் அவரிடம் பேனாவைக் கொடுத்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு, குனிந்து, அவசரப்படாமல் முழுப் பெயரும் எழுதினார். அடுத்தது நான். அலுவலர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. மைப்பெட்டியைத் தள்ளினார். கட்டைவிரலை ஊன்றினேன்.

பக்கத்திலிருந்து குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"இன்னும் கட்டைவிரல்தானா, சிங்கராயண்ணா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அலுவலரும் சிரித்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. விரலை வேட்டியில் துடைத்தேன். மை வேட்டியெல்லாம் ஆனது.

வெளியே வந்ததும் அவர் வேன் படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "நீலப்பூ இன்னும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல. வைக்கல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

"யாருப்பா அது?" என்று பெலிக்ஸ் கேட்டான்.

வீட்டுக்கு வந்து நோட்டை அவன் கையில் கொடுத்தேன். ஏப்ரல் ஆறாம் தேதியைப் படி என்றேன். அவன் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு, பழைய காலண்டரை எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு, டூட்டிக்குப் போய்விட்டான். போகும்போது ஜெசிந்தாவிடம் வாசலில் சொன்னது கேட்டது: "நாளைக்குக் காலைல ஒம்பதுக்கு ஆட்டோ சொல்லிவை."

ஏப்ரல் 25

இந்தப் பக்கத்தில் கையெழுத்து வேறு.

இல்லத்து முன்கூடத்தில் அந்த அம்மாவுக்கு எதிரே நானும் ஜெசிந்தாவும் உட்கார்ந்தோம். தகரப் பெட்டி இல்லை, இப்போது துணிப் பை. நான் நோட்டை ஜெசிந்தாவிடம் கொடுத்து, நான் சொல்லப்போவதை இவர் முன்னால் எழுது என்றேன். ஜெசிந்தா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். "இதை நான் எழுத மாட்டேன் மாமா."

அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டார். "சொல்லுங்க. நான் எழுதறேன். மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் கை நடுங்கும்."

சொல்கிறேன். அவர் எழுதுகிறார்.

படிகாரத்தை அந்த டப்பாவில் போட்டது நான். அடுக்கில் வைத்து மறந்தது நான். கொட்டகையிலிருந்து அவர் எடுத்து வந்தார் என்று சொன்னது நான். படிக்கத் தெரியும் என்று தலையாட்டியது நான். பச்சைப் பாவாடையோடு அவர் அழுதுகொண்டே...

இந்த இடத்தில் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"பச்சை இல்ல, நீலம். நான் அழவும் இல்ல. அழுதேன்னு யார் சொன்னது உங்களுக்கு?"

அழுதார் என்றுதான் ஐம்பது வருஷமாக என் ஞாபகம். அவர் சொல்வதை எழுதட்டும் என்றேன். நீலப் பாவாடை. அழவில்லை.

"காட்டிக் குடுத்திருக்கலாமே என்னை, எனக்கும் படிக்கத் தெரியாதுன்னு?" என்று நான் கேட்டேன்.

"சொன்னா ரெண்டு பேரும் போயிருப்போம். ஒருத்தர் இருக்கட்டும்னு நெனச்சேன். அந்த வயசுல வேற என்னத்த நெனைக்கிறது." பேனாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "அடுத்த நாளாவது வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். மடத்து வாசல்ல உக்காந்து பாத்தேன். ஒரு மாசம் பாத்துட்டு, அப்புறம்தான் சிஸ்டர்கிட்ட சிலேட்டு கேட்டேன்."

மன்னித்துவிட்டார் என்று ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஜெசிந்தாவுக்கு ஆசை. முகத்திலேயே தெரிந்தது. அந்த அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்க மாமா அதைக் கேக்கவே இல்லையே. கேக்காதத நான் எப்படி எழுதறது?"

நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

வேன் வந்து நிற்கிறது. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். இன்னும் கொஞ்சம்தான் என்று அவரே கை காட்டி நிறுத்தினார்.

அன்று காலை அந்தச் சமையற்கட்டில் நின்றவர்கள் ஆறு பேர். ஹார்ட்லி துரை சீமைக்குப் போய் மூன்றாம் வருஷம் செத்தார், கடிதம் வந்தது. துரைசாணி அதற்குப் பிறகு. பட்லர் இன்னாசி, எம்.ஜி.ஆர். இறந்த அதே வாரம். ஆயா ரெபேக்கா, சுனாமி வந்த வருஷம், வெலிங்டன் ஆஸ்பத்திரியில். ஐந்தாவது நான். நான் சீக்கிரம் போய்விடுவேன்.

ஆறாவது ஆளின் பெயர் மறந்துவிட்டது என்று மார்ச் பதின்மூன்றாம் தேதி சொன்னேன். பொய். ஒரு நாளும் மறந்ததில்லை. வெட்கத்தில் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அன்று நின்றவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான், இதை எழுதிக்கொண்டிருப்பவர். முழுப் பெயரும் எழுதுங்கள் அம்மா.

செங்கோல்மேரி.